வாய்ப்பாடு: கேளுங்கள், சொல்கிறேன்

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை நான். வாய்ப்பாடு பற்றிக் கேட்டிருந்தவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

மகன் 7-ஆம் வாய்ப்பாட்டைக் கடகடவென்று ஒப்பிக்கிறான். "ஏழெட்டு எவ்வளவு?" என்று திடீரென்று கேட்டால் திருதிருவென்று விழிக்கிறான். ஏன் டீச்சர்?

அந்த நேரத்தில் அவன் உதட்டைக் கவனியுங்கள். ஏழொன்று ஏழு, ஏழிரண்டு பதினாலு என்று முதலிலிருந்து முணுமுணுத்துக்கொண்டு வருவான். அவனுக்குத் தெரிந்தது ஒரு பாட்டு. பாட்டின் எட்டாவது வரியை மட்டும் தனியாகச் சொல் என்றால் பெரியவர்களே தடுமாறுவோம். ஒப்பிப்பதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஏழேழாகக் கூடிக்கொண்டே போவது அதில்தான் காதில் ஏறுகிறது. ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. 7×4, 7×9, 7×3 என்று மாற்றி மாற்றிக் கேளுங்கள். கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்திருங்கள். அவன் தேடி எடுக்கும் விடைதான் மனதில் நிற்கும், நீங்கள் எடுத்துக்கொடுப்பது நிற்காது.

1 முதல் 10 வரை மொத்தம் 100 வரி. பார்த்தவுடனே குழந்தை அழுகிறாள். எங்கிருந்து ஆரம்பிப்பது?

100 என்று யார் சொன்னது? கட்டம் போட்ட தாளில் 3 வரிசை, வரிசைக்கு 4 கட்டமாக ஒரு செவ்வகம் வரையச் சொல்லுங்கள். தாளை அப்படியே பக்கவாட்டில் திருப்பினால் 4 வரிசை, 3 கட்டம். 12 மாறவில்லை. இது புரிந்துவிட்டால் 3×4, 4×3 இரண்டும் ஒன்றுதான், 100 உடனே 55 ஆகிவிடும். 1-உம் 10-உம் வரும் பெருக்கல்களைப் படிக்கவே வேண்டாம், மீதி 36. அடுத்து 2, அது வெறும் இரட்டிப்பு. 5 என்றால் விடை 0-இல் அல்லது 5-இல் முடியும். 9-க்கு ஒரு வழி உண்டு, கீழே சொல்கிறேன். இவை மூன்றையும் கழித்தால் மிஞ்சுவது 15தான்: 3, 4, 6, 7, 8 ஆகிய ஐந்து எண்களுக்குள் நடக்கும் பெருக்கல்கள்.

அந்தப் பதினைந்திலும் பாதை போடலாம். 4 என்பது இரண்டு முறை இரட்டிப்பு, 8 என்பது மூன்று முறை. 8×7 வேண்டுமா? 7, 14, 28, 56. 6×7 மறந்தால் ஐயேழு 35, அதோடு இன்னொரு 7, ஆக 42. மறக்காத பிள்ளை என்று யாரும் கிடையாது. மறந்தாலும் திரும்பிப் போக வழி தெரிந்த பிள்ளை பயப்படுவதில்லை.

பேத்திக்கு 7×8 என்றால் 54, 6×9 என்றால் 56. எத்தனை தடவை திருத்தினாலும் இதே. கவனமில்லையா அம்மா?

இல்லை ஐயா. தப்பான விடையிலேயே காரணம் இருக்கிறது. 55, 57 என்று சொன்னால் எங்கோ எண்ணிக்கை பிசகியிருக்கிறது என்று பொருள். 54 என்றால், அதுவும் வாய்ப்பாட்டில் வரும் எண்தான், பக்கத்து வீட்டு விடையைச் சொல்கிறாள். இரண்டையும் ஒரே நாளில் சொல்லிக்கொடுக்காதீர்கள். முதலில் 5, 6, 7, 8 என்று வரிசையாக எழுதிக் காட்டுங்கள்: 56 = 7×8. அது நன்றாகப் பதிந்த பிறகு 6×9-க்கு வாருங்கள். 6-க்கு ஒன்று குறைத்தால் 5, அந்த 5 ஒன்பதாக இன்னும் 4 வேண்டும், விடை 54. 9-ஆம் வாய்ப்பாட்டில் 10 வரை இது பொருந்தும்.

விரல் விட்டு எண்ணுகிறாள், தடுக்கலாமா?

வேண்டாம். வேகமான வழி கிடைத்ததும் அவளே விட்டுவிடுவாள்.

மிஸ், நான் அஞ்சாம் வகுப்பு. டைம் வைத்து டெஸ்ட் நடத்தினால் தெரிந்ததும் மறந்துபோகிறது.

பயம் வந்தால் மனதில் பாதி இடத்தை அதுவே பிடித்துக்கொள்ளும், கணக்குக்கு இடம் குறைந்துவிடும். அதனால் உனக்கு மூளை இல்லை என்று நினைக்காதே. தாள் வந்ததும் தெரிந்ததை மட்டும் மளமளவென்று போட்டுவிடு, தெரியாததில் நிற்காமல் தாண்டிப் போ, அப்புறம் திரும்பி வா. வீட்டில் பழகும்போது கடிகாரமே வேண்டாம். சரியாக வர ஆரம்பித்தால் வேகம் பின்னாலேயே வரும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார வைக்கிறேன். போதுமா?

அந்த ஒரு மணி நேரத்தைத் தினமும் ஐந்து, பத்து நிமிடமாகப் பிரித்துவிடுங்கள். ஒரே மூச்சில் படிப்பதைவிட இடைவெளி விட்டுப் படிப்பதே நிற்கும் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்காஸ் தன்னைத்தானே சோதித்துப் பார்த்து 1885-லேயே எழுதிவிட்டார். சின்ன அட்டைகளில் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. சட்டென்று வந்தவை ஒரு அடுக்கு, தடுமாறியவை இன்னொன்று. தடுமாறிய அடுக்கு நாளைக்கே வரட்டும். மற்றது சில நாள் கழித்து வந்தால் போதும்.

பாட்டு, வீடியோ, செயலி?

கேள்வி கேட்கிற செயலி என்றால் சரி. வெறுமனே பார்க்க வைப்பது பொழுதுபோக்கு.

எவ்வளவு பழகியும் ஏறவில்லை. டிஸ்கால்குலியாவாக (எண்களையும் கணக்கையும் புரிந்துகொள்வதில் வரும் கற்றல் குறைபாடு) இருக்குமோ?

வாய்ப்பாடு வராததை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. 62-ஆ 26-ஆ, எது பெரியது என்பதிலும், கடிகாரம் பார்ப்பதிலும், சில்லறை எண்ணுவதிலும் நெடுநாளாகத் திணறினால் கற்றல் குறைபாட்டு நிபுணரிடம் காட்டுங்கள். அதுவரை வாய்ப்பாட்டு அட்டையைப் பார்த்தே கணக்குப் போடட்டும். அட்டையைப் பிடுங்கி வைத்துக்கொண்டால் பெருக்கலோடு மற்ற கணக்கும் சேர்ந்து நின்றுவிடும்.

20 வரை மனப்பாடம் செய்ய வேண்டுமா?

12 வரை உதவும், மாதமும் மணியும் அதில்தான் ஓடுகின்றன. அதற்கு மேல் பிரித்துப் பெருக்கட்டும்: 14×7 என்றால் 70, 28, ஆக 98. 17-ஆம் வாய்ப்பாட்டுக்குச் செலவிடும் நேரத்தில் திருப்பிக் கேளுங்கள். 56-இல் எத்தனை 7? 42-இல் எத்தனை 7? இது பழகிய பிள்ளை 42/56 என்ற பின்னத்தைப் பார்த்ததும் 6/8 என்பாள், அடுத்த நொடியே 3/4 என்பாள்.