தாவர உயிரியல் பட்டம்: சேருமுன் ஆய்வகத்தை எட்டிப் பாருங்கள்

கேள்வி: என் மகள் பிளஸ் டூவில் உயிரியல் பிரிவு. நீட் மதிப்பெண் போதவில்லை. சென்னைக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. தாவர உயிரியல் மற்றும் தாவர உயிரித் தொழில்நுட்பவியல் கிடைக்கிறது. இதுவும் தாவரவியலும் ஒன்றா? சேர்க்கலாமா?

பதில்: பாடத்தில் பெரும்பகுதி ஒன்றுதான். பாசி, பூஞ்சை, பெரணி, வகைப்பாடு, மரபியல் என்ற பழைய தாவரவியலோடு, செடியின் சிறு துண்டிலிருந்து குடுவையில் புதுச் செடி வளர்க்கும் திசு வளர்ப்பும் மரபணுத் தொழில்நுட்பமும் சேர்ந்திருக்கும். வேதியியலுக்குப் பயந்து இங்கே வருபவர்கள் ஒளிச்சேர்க்கைப் பாடத்தில் அதனிடமே மாட்டிக்கொள்வார்கள்.

சிக்கல் பட்டத்தின் பெயரில் இருக்கிறது. அரசுப் பணி அறிவிக்கையில் 'தாவரவியல்' என்று கேட்டிருந்தால், உங்கள் மகளின் பட்டம் அதற்கு இணையானது என்பதற்கு அரசாணை காட்ட வேண்டி வரலாம். அதன் எண்ணைத் துறைத் தலைவரிடம் இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியராக வேண்டுமானால் இளங்கலை, முதுகலை இரண்டும் ஒரே பாடமாக இருக்க வேண்டும், பி.எட்.டும் வேண்டும். இந்திய வனப்பணித் தேர்வுக்குத் தாவரவியல் படித்தவர்கள் விண்ணப்பிக்கலாம். வேளாண்மை அலுவலர் பணிக்கு இந்தப் பட்டம் செல்லாது. செடி என்றாலே வேளாண்மை என்று நினைத்துச் சேர்க்கும் பெற்றோர் நிறையப் பேர்.

சேருமுன் ஒருநாள் துறைக்குப் போய்வாருங்கள். திசு வளர்ப்பு அறையில் கண்ணாடிக் குடுவைகளுக்குள் பச்சை தெரிகிறதா, பூட்டில் தூசி தெரிகிறதா? செடிகளை உலர்த்தி ஒட்டிவைக்கும் உலர்தாவரத் தாள்களில் மாணவர் கையெழுத்தில் ஊரும் தேதியும் இருக்கின்றனவா? கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. அங்கெல்லாம் மாணவர்களை அழைத்துப் போகிறார்களா என்றும் விசாரியுங்கள்.

இது கைத்திறன் கேட்கும் படிப்பு. முதலாண்டில் வெட்டுக்காயப் பூண்டின் தண்டைக் கொடுத்துக் குறுக்காகச் சீவச் சொல்வோம். பிளேடு நனைந்திருக்க வேண்டும், ஒரே இழுப்பில் வர வேண்டும். முப்பது சீவலில் ஒன்று தேறினால் அதிகம். அந்த ஒன்றில் சாஃப்ரனின் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தால் நீரைக் கடத்தும் திசுவான சைலம் செக்கச்செவேலென்று வட்டம் கட்டி நிற்கும். அதைப் பார்த்ததும் பக்கத்து மேசைக்காரியை அழைத்துக் காட்டும் பெண்ணைப் பற்றி எனக்குக் கவலையே கிடையாது.

மீண்டும் நீட் எழுதும்வரை உட்கார ஒரு திண்ணையாக மட்டும் இதை நினைக்கிறாளா என்று அவளிடமே கேளுங்கள். அப்படியானால் சேர்க்க வேண்டாம். பகலில் ரெக்கார்டு நோட்டு, மாலையில் நீட் பயிற்சி என்று ஓடி, இரண்டிலும் கோட்டைவிட்டவர்கள் என் வகுப்பிலேயே இருந்திருக்கிறார்கள்.