பழைய பிரிண்டர் மோட்டாரால் லேத்துக்கு ஃபீட் கொடுக்கலாமா?

கேள்வி: என் சிறிய லேத்தில் தானியங்கி ஃபீட், அதாவது வெட்டும் டூலைத் தானாக நகர்த்தும் வசதி, இல்லை. டூலை நகர்த்தும் திருகான லீட் ஸ்க்ரூவைக் கையால் சுற்றுவதால், கடைந்த பரப்பில் வரிவரியாக விழுகிறது. பழைய இங்க்ஜெட் ஒன்றும் டாட் மேட்ரிக்ஸ் ஒன்றும் கையில் இருக்கின்றன. எந்த மோட்டாரைக் கழற்றலாம்?

பதில்: தாராளமாகச் செய்யலாம். இங்க்ஜெட்டை விட்டுவிடுங்கள், அதில் தலையை ஓட்டுவது பெரும்பாலும் டிசி மோட்டார். சுமை ஏறினால் வேகம் இறங்கிவிடும், வரியும் போகாது. டாட் மேட்ரிக்ஸில் இருக்கும் ஸ்டெப்பர்தான், அதாவது ஒவ்வொரு பல்ஸுக்கும் ஒரு ஸ்டெப் நகரும் மோட்டார்தான், உங்களுக்கு வேண்டியது. இருப்பதில் பெரியதை எடுங்கள்.

நான்கு ஒயரில் எதற்கு எது ஜோடி? இரண்டு முனைகளைச் சேர்த்துப் பிடித்து ஷாஃப்டை விரலால் திருப்புங்கள். முரண்டு பிடித்தால் இரண்டும் ஒரே காயில். ஆறு ஒயர் இருந்தால், ஒரு காயிலுக்கு மூன்று. மல்டிமீட்டரில் அதிக ஓம் காட்டும் இரண்டை எடுத்துக்கொண்டு நடு ஒயரை விட்டுவிடலாம்.

அப்புறம் வேகம். ஃபினிஷ் நன்றாக வர, ஸ்பிண்டில் (லேத்தின் சுழலும் தண்டு) ஒரு சுற்றுக்கு டூல் 0.1 மி.மீ. நகர்ந்தால் போதும். ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 500 சுற்று என்றால் 50 மி.மீ.; லீட் ஸ்க்ரூ பிட்ச் (ஒரு சுற்றுக்கு நகர்த்தும் தூரம்) 2 மி.மீ. என்றால் அது 25 சுற்று. பல் பெல்ட்டில் மூன்றுக்கு ஒன்று குறைத்தால் மோட்டார் 75 சுற்று ஓட வேண்டும். ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப் வைக்கும் மோட்டாருக்கு நொடிக்கு 250 பல்ஸ், அவ்வளவுதான். பல்ஸ் கொடுக்க ஒரு 555 டைமர் ஐசியும், மோட்டாரை ஓட்ட ஏ4988 டிரைவர் போர்டும் இதற்குத் தாராளம். டிரைவரின் கரண்ட் வரம்பை மட்டும் மோட்டாருக்கு ஏற்றபடி முதலிலேயே வைத்துவிடுங்கள். மரை வெட்ட இது உதவாது. ஸ்பிண்டில் சுற்றுக்கும் இந்த மோட்டாருக்கும் தொடர்பே இல்லை.

பெல்ட்டுக்குக் கட்டாயம் மூடி போடுங்கள். ஒரு உலோகச் சீவல் பல்லுக்குள் புகுந்தாலே தாண்டிவிடும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், வேலைப்பொருளைப் பிடித்துச் சுழலும் சக்கில் டூல் மோதுவதற்கு முன் நிறுத்தும் சுவிட்ச். அதை மோட்டார் ஒயரில் போடாதீர்கள். ஓடும்போது மோட்டார் இணைப்பு அறுந்தால் டிரைவர் போய்விடும். டிரைவரை இயக்கவும் நிறுத்தவும் உள்ள எனேபிள் பின்னை 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டுக்கு இழுத்து, சாதாரண நிலையில் மூடியிருக்கும் சுவிட்ச் வழியாக கிரவுண்டில் சேருங்கள். சுவிட்ச் திறந்தாலும் சரி, அதன் ஒயரே அறுந்தாலும் சரி, மோட்டார் தளர்ந்து நின்றுவிடும்; கைச்சக்கரத்தையும் உடனே பின்னால் சுற்றலாம்.