செயலியை நீக்கியும் கை போனைத் தேடுகிறதே!

கேள்வி: எனக்கு 23 வயது. டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கிறேன். 11 மணிக்குப் படுத்தாலும் ரீல்ஸ் பார்த்தே 2 மணி ஆகிவிடுகிறது. கூடப் படித்தவர்கள் வேலையில் சேர்ந்த படங்களைப் பார்த்தால் நெஞ்சு படபடக்கிறது, ஆனாலும் போனைக் கீழே வைக்க முடியவில்லை. இன்ஸ்டாகிராமை இரண்டு முறை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றிவிட்டேன். பட்டன் போனுக்கு மாறிவிடலாமா?
– வாசகி, மதுரை

பதில்: வேண்டாம். ஹால் டிக்கெட், பணப் பரிமாற்றம் என எல்லாமே ஸ்மார்ட்போனில் இருக்கும்போது பட்டன் போன் ரொம்ப நாள் தாங்காது. தேர்வு பயம் எழும்போதெல்லாம் போனை எடுக்கிறீர்கள், சில நிமிடம் பயம் மறக்கிறது, கை அதற்குப் பழகிவிட்டது. செயலியை நீக்கினாலும் பயம் அப்படியே இருப்பதால்தான் அது திரும்ப வந்துவிடுகிறது.

முதலில் இரவை மட்டும் சரிசெய்யுங்கள். சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து எடுத்து ஹாலில் மாட்டுங்கள். 10 மணிக்குப் போன் அங்கே போய்விட வேண்டும். அலாரத்துக்கு ஒரு டைம்பீஸ் வாங்கிக்கொள்ளுங்கள்; 'அலாரத்துக்காகத்தான்' என்று சொல்லித்தான் பெரும்பாலும் போன் தலையணைக்கு அடியில் வருகிறது. ஆண்ட்ராய்டு போன் செட்டிங்ஸில் உள்ள 'டிஜிட்டல் வெல்பீயிங்' பகுதியில் இன்ஸ்டாகிராமுக்கு 30 நிமிட டைமர் வைப்பது நல்லதுதான். ஆனால் நள்ளிரவில் போன் கையில் இருந்தால், அந்த டைமரை நீக்க அரை நிமிடம்கூட ஆகாது.

முதல் சில இரவுகள் தவிப்பு கூடும். பலரும் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். பொறுத்துக்கொண்டால் அது தணியும். சுமார் 20 நிமிடம் தூக்கம் வராவிட்டால் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் அச்சுப் புத்தகம் ஏதாவது படியுங்கள், பாடப்புத்தகம் வேண்டாம். கண் சொக்கியதும் படுங்கள். 4 எண்ணி மூச்சை இழுத்து, 6 எண்ணி விடுவது படபடப்பைக் குறைக்கும். மாலை 4 மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம். உடலில் சேர்ந்த காஃபீனில் பாதி குறையவே சுமார் 5 மணி நேரமாகும்.

பகலில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். கை போனுக்குப் போகும்போது மணியையும் அப்போது மனதில் ஓடியதையும் ஒரு வரி எழுதுங்கள்: '3.40, மாதிரித் தேர்வில் கணக்கு வரவில்லை'. ஒரு வாரத்தில் எந்தப் பயம் உங்களைத் துரத்துகிறது என்று தெரிந்துவிடும். அந்தக் கணக்கைத் தினம் 20 நிமிடம் போட்டுப் பார்ப்பதே அதற்கு மருந்து. வயிற்றெரிச்சல் தரும் பதிவர்களை 'மியூட்' செய்யுங்கள், அவர்களுக்குத் தெரியாது.

கவலை பெரும்பாலான நாட்கள் இருந்து, 2 வாரம் தாண்டியும் படிப்பையும் தூக்கத்தையும் கெடுத்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். எடை குறைவு, கை நடுக்கமும் சேர்ந்திருந்தால் தைராய்டு ரத்தப் பரிசோதனை அவசியம். அரசின் மனநல ஆலோசனைச் சேவையான டெலி மனாஸின் 14416 எண்ணில் 24 மணி நேரமும், தமிழிலும், இலவசமாகப் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அந்த நிமிடமே அழையுங்கள், வீட்டிலும் ஒருவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் மகனிடமிருந்து போனைப் பிடுங்கினால் கத்துகிறான். என்ன செய்வது?
– ஒரு தாய், ஈரோடு

பதில்: பிடுங்காதீர்கள். அவன் அமைதியாக இருக்கும் நேரத்தில் பேசி, இரவு 10 மணிக்கு வீட்டில் எல்லோருடைய போனும் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று முடிவெடுங்கள், அப்பாவின் போனும்தான். கல்லூரிக்கே போகாமல், குளிக்காமல் அறையிலேயே கிடந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் போன், இணையப் பழக்கத்துக்கென்றே 2014 முதல் 'ஷட்' கிளினிக் இயங்குகிறது.