வழக்கு எந்த நிலையில் இருக்கிறது? நீங்களே பார்த்துக்கொள்ளலாம்

கேள்வி: சொத்தில் பாகம் கேட்டு சார்பு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறேன். வக்கீலிடம் எப்போது கேட்டாலும் "வாய்தா போட்டிருக்கு" என்பதோடு சரி. வழக்கு உண்மையில் எங்கே நிற்கிறது என்று நானே தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: உண்டு. இ-கோர்ட்ஸ் இணையதளத்திலும் அதன் மொபைல் செயலியிலும் கட்டணமில்லாமல் பார்க்கலாம். அதற்கு வழக்கின் சி.என்.ஆர். எண் வேண்டும். ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் அடையாள எண் அது. எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் 16 இருக்கும். தமிழ்நாட்டு வழக்கு என்றால் 'டி.என்.' என்று தொடங்கும். இடைவெளியோ கோடோ விடாமல் அடியுங்கள். இந்த எண்ணை வக்கீலிடம் ஒருமுறை கேட்டு எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

எண் கிடைக்காவிட்டால் மாவட்டம், நீதிமன்ற வளாகம், ஆண்டு கொடுத்துப் பெயரை வைத்துத் தேடலாம். பெயர் ஆங்கிலத்தில் எப்படி ஏறியிருக்கிறது என்று சொல்ல முடியாது. அதனால் முழுப் பெயரை அடிக்காமல் சில எழுத்துகளை மட்டும் அடியுங்கள். எதிர்த்தரப்பின் பெயரிலும் தேடிப் பாருங்கள். 'பென்டிங்' (நிலுவையில் உள்ளவை) என்பதை மட்டும் தேர்வு செய்து தேடிவிட்டு, "என் வழக்கே இதில் இல்லை" என்று விட்டுவிடுபவர்கள் பலர். வழக்கு தள்ளுபடியாகியிருந்தால் அங்கே வராது. நிலுவையில் உள்ளவை, முடிந்தவை இரண்டையும் காட்டும் 'போத்' என்பதையே தேர்வு செய்யுங்கள். பிராது (வழக்கு மனு) தாக்கலாகி இன்னும் நம்பர் ஆகவில்லை என்றால் ஓ.எஸ். எண்ணை, அதாவது அசல் வழக்கு எண்ணை, வைத்துத் தேட முடியாது. திருத்தம் செய்யச் சொல்லித் திருப்பப்பட்டு, வக்கீல் அலுவலகத்திலேயே அது கிடக்கக்கூடும்.

பக்கம் திறந்ததும் எல்லோரும் அடுத்த வாய்தா தேதியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். உங்களுக்கு வேண்டிய விவரம் அதற்குக் கீழே, 'கேஸ் ஹிஸ்டரி' அட்டவணையில் இருக்கிறது. ஒவ்வொரு வாய்தாவும் எதற்காகப் போடப்பட்டது என்பது அங்கே வரிசையாக வரும்: சம்மன், எதிருரை (எதிர்த்தரப்பின் எழுத்துமூலப் பதில்), எழுவினா (நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டிய கேள்விகள்), சாட்சி விசாரணை, வாதம், தீர்ப்பு. தேதியைத் தொட்டால் அன்று நடந்தது ஓரிரு வரியில் திறக்கும். 'பேட்டா நாட் பெய்ட்' என்று இருந்தால் சம்மன் அனுப்பும் கட்டணத்தை உங்கள் தரப்பு கட்டவில்லை. 'பி.டபிள்யூ.1 நாட் பிரசென்ட்' என்றால் வாதித் தரப்பின் முதல் சாட்சி, பெரும்பாலும் நீங்கள்தான், வரவில்லை. ஒரே நோக்கத்துக்குத் தொடர்ந்து நாலைந்து வாய்தா போயிருந்தால், தாமதம் யாரால் என்று இந்த வரிகளே சொல்லிவிடும். எதிருரைக்குச் சட்டம் தரும் காலம் சம்மன் கிடைத்ததிலிருந்து 30 நாள், நீட்டித்தால் 90 நாள் வரை. அதைத் தாண்டியும் எதிர்த்தரப்பு இழுத்துக்கொண்டே போனால் ஆட்சேபிக்கும்படி வக்கீலிடம் சொல்லலாம்.

'டிஸ்மிஸ்டு ஃபார் டிஃபால்ட்' என்ற வரியைக் கண்டால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். நீங்களோ வக்கீலோ ஆஜராகாததால் வழக்கு தள்ளுபடியாகிவிட்டது என்று பொருள். மீட்க மனுப் போடும் கெடு, தள்ளுபடியான நாளிலிருந்து 30 நாள். கெடு தாண்டினால் தாமதத்தை மன்னிக்கக் கேட்டுத் தனி மனு வேண்டும். ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் காரணம் காட்ட வேண்டிவரும். அதனால் வாய்தா நாளன்று மாலையிலோ மறுநாளோ பார்த்துவிடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வழக்கில் தரப்பினர் யாராவது இறந்திருந்தால் வாரிசுகளைச் சேர்க்க 90 நாள்தான். செய்தி தெரிந்ததும் வக்கீலிடம் சொல்லுங்கள்.

உங்களுடையது பாக வழக்கு என்பதால் இன்னொன்று. முதல்நிலைத் தீர்ப்பாணை வந்ததுமே 'டிஸ்போஸ்டு' (முடிந்தது) என்று காட்டக்கூடும். அந்தத் தீர்ப்பாணை உங்கள் பங்கு எவ்வளவு என்று சொல்வது மட்டுமே. நிலத்தை அளந்து பிரித்துத் தரும் இறுதித் தீர்ப்பாணைக்கான மனு தனி ஐ.ஏ. (இடைக்கால மனு) எண்ணில் நடக்கும். அந்த எண்ணையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

தளத்தில் வருவது ஊழியர்கள் பதிவேற்றும் தகவல். தாமதமும் பிழையும் நேரும். மேல்முறையீட்டுக்கோ வேறு எங்கும் தாக்கல் செய்யவோ அதன் அச்சுப்பிரதி உதவாது. நகல் மனுப் போட்டுச் சான்றிட்ட நகல் வாங்க வேண்டும்.

வக்கீலிடம் பேசும்போது "கேஸ் என்னாச்சு?" என்று கேட்காமல், "போன வாய்தாவில் பேட்டா கட்டவில்லை என்று வந்திருக்கிறதே, கட்டியாகிவிட்டதா?" என்று அந்த வரியைச் சொல்லியே கேளுங்கள். அப்போதும் பதில் வராவிட்டால் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு வேறு வக்கீலுக்கு வக்காலத்து கொடுக்கலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாகவே வக்கீல் அமர்த்தித் தரும். உதவி எண் 15100.