நிறுவனத்துக்குள் நடந்த மோதல் நல்ல மாற்றத்தில் முடிந்ததா? ஆய்வுக்கு ஏற்ற உண்மைச் சம்பவம் ஏதாவது சொல்லுங்கள்

மூணாறு, 2015 செப்டம்பர். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடந்த போராட்டம் என்றுதான் பலர் எழுதுவார்கள். என் பார்வையில் அது சங்கத்துக்கும் அதன் உறுப்பினர்களுக்கும் நடந்த சண்டை. மாற்றம் அங்கிருந்துதான் தொடங்கியது.

டாடா டீ தோட்ட நிர்வாகத்திலிருந்து விலகியபின் 2005-இல் உருவான கண்ணன் தேவன் தேயிலைக் கம்பெனியில் தொழிலாளர்களும் பங்குதாரர்கள். கொழுந்து எடுப்பவர்கள் பெரும்பாலும் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழும் தமிழ்ப் பெண்கள். அப்போது நாள் கூலி 232 ரூபாய், அதற்கு 21 கிலோ எடுத்தாக வேண்டும். அந்த வருடம் போனஸை 10 சதவீதமாகக் குறைத்தது நிர்வாகம். முந்தைய வருடம் 19. ஏஐடியுசி, சிஐடியு, ஐஎன்டியுசி என மூன்று சங்கங்கள் இருந்தும் தங்களுக்காக யாரும் பேசவில்லை என்று பெண்கள் கொதித்துப்போனார்கள். பொம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயரில் ஆயிரக்கணக்கானவர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். சமாதானம் பேச வந்த சங்கத் தலைவர்களை விரட்டிவிட்டார்கள். ஆனால் அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர், தொண்ணூறு வயது தாண்டிய அச்சுதானந்தன் வந்தபோது தங்களோடு உட்கார விட்டார்கள்.

அப்போதைய கேரள முதல்வர் உம்மன் சாண்டி முன்னால் நடந்த பேச்சில் அந்தப் பெண்களின் பிரதிநிதிகளே கலந்துகொண்டார்கள். ஒன்பதாம் நாள் முடிவு வந்தது: போனஸ் 8.33, கருணைத்தொகை 11.67, ஆக மொத்தம் அவர்கள் கேட்ட அதே 20 சதவீதம்.

அப்புறம் நடந்ததைத்தான் நீங்கள் கவனமாகப் பார்க்க வேண்டும். கூலியை 500 ஆக்கச் சொன்ன கோரிக்கை கூலியை முடிவு செய்யும் தோட்டத் தொழிலாளர் குழுவுக்குப் போனது. பதிவு பெற்ற சங்கங்கள்தான் அதில் உட்கார முடிந்தது, பொம்பிளை ஒருமைக்கு இடம் கிடைக்கவில்லை. அக்டோபரில் கூலி 301 ஆனது, எடுக்க வேண்டிய கொழுந்தும் 25 கிலோ ஆனது. நான்கு கிலோ என்பது முதுகில் கூடை சுமப்பவருக்குச் சின்ன விஷயம் இல்லை. ஒரே போராட்டம், இரண்டு மேசைகள். பெண்களே பேசிய இடத்தில் கேட்டது முழுசாகக் கிடைத்தது, மற்றவர்கள் பேசிய இடத்தில் அரைகுறையாக. மோதல் மட்டும் போதுமா, அது முடிந்தபின் யார் பேச உட்காருகிறார்கள் என்பதும் சேர்ந்ததா என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் ஆய்வுக் கேள்வி இன்னும் கூர்மையாகும்.

அந்த அமைப்பு பின்னாளில் பிளவுபட்டதையும் விடாமல் எழுதுங்கள். நேரில் போவதாக இருந்தால் லயங்களில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருக்கும் பெண்களிடம் முதலில் பேசுங்கள், தமிழே போதும். சங்க அலுவலகங்களுக்கு அதற்கப்புறம் போகலாம்.