தண்டர்பேர்ட் காலண்டரில் போட்ட குறிப்பு போனில் ஏன் தெரிவதில்லை? அதன் நிறைகுறைகள் என்ன?

கணினியில் மின்னஞ்சல் படிக்க உதவும் தண்டர்பேர்ட் மென்பொருளோடு சேர்ந்தே வரும் காலண்டர் இது. முன்பு லைட்னிங் என்ற தனி இணைப்பு நிரலாக (ஆட்-ஆன்) இருந்தது. 2020-இல் வந்த 78-ஆம் பதிப்பில் மென்பொருளின் பகுதியாகவே ஆகிவிட்டது.

புதிய காலண்டர் தொடங்கும்போது "என் கணினியில்", "நெட்வொர்க்கில்" என இரண்டு வழி காட்டும். பலர் யோசிக்காமல் முதலாவதை அழுத்துவார்கள். அப்போது குறிப்புகள் உங்கள் கணினியில் ஒரே ஒரு கோப்பில் மட்டும் இருக்கும். மேசை டிராயரில் வைத்துப் பூட்டிய டைரி மாதிரி: இன்டர்நெட் வேண்டாம், வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாது, ஆனால் கடைவீதியில் நிற்கும்போது உங்களாலும் பார்க்க முடியாது.

போனிலும் வேண்டுமென்றால் நெட்வொர்க்கைத் தேர்ந்து, போனில் பயன்படுத்தும் அதே காலண்டர் சேவையின் கேல்டாவ் (சர்வரில் உள்ள காலண்டரோடு ஒத்திசைக்கும் முறை) முகவரி கொடுங்கள். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அதற்குப் பதிலாக, காலண்டர் சேவை தரும் ஐசிஎஸ் (காலண்டர் கோப்பு) லிங்கை ஒட்டினால் நிகழ்ச்சிகள் தெரியும், திருத்த முடியாது. அது ஜெராக்ஸ் எடுத்த கால அட்டவணை. கேல்டாவ் இரண்டு பக்கமும் எழுதக்கூடிய பொது நோட்டு. மாற்றம் உடனே தெரியாவிட்டால் பதற வேண்டாம், குறித்த இடைவெளியில்தான் சர்வரைப் பார்க்கும். 'ஒத்திசை' பட்டனை அழுத்தினால் போதும்.

பெரிய குறை நினைவூட்டல்தான். தண்டர்பேர்டை மூடிவிட்டால் மணி அடிக்காது. அடுத்த முறை திறக்கும்போது தவறவிட்டதைக் காட்டும். மருந்து நேரத்துக்கு இதை நம்பக் கூடாது.

கேல்டாவில் இணைத்துவிட்டால் காப்புப் பிரதியும் ஆயிற்று என்று நினைப்பது தவறு: போனில் அழித்தது கணினியிலும் அழியும், எனவே அவ்வப்போது காலண்டர் பெயரில் ரைட் கிளிக் செய்து ஏற்றுமதி எடுத்து வையுங்கள்.