நவம்பர் ஆட்டத்தை வைத்து முடிவு கட்டலாமா?

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் நான் ஆதரிக்கும் அணி, நவம்பரில் தொடங்கிய சீசனின் முதல் ஆறு ஆட்டங்களில் நான்கை வென்றுவிட்டது. ஆனால் ஐந்து பேரும் ஐந்து திசையில் ஆடுகிறார்கள். இது தேறுமா?

பதில்: தேறும். 2021-ல் விதி மாறி, ஒரு வருடம் காத்திருக்காமலே வேறு கல்லூரிக்கு மாறலாம் என்று ஆன பிறகு, பாதி அணி புதுமுகம் என்பது சகஜமாகிவிட்டது. கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர், உள்ளே புகுந்து மூலைக்குப் பந்தை வீசுகிறார், அங்கே நிற்க வேண்டியவர் இரண்டடி தள்ளி நிற்கிறார், பந்து வெளியே போகிறது. இது பழகப் பழகச் சரியாகிவிடும். எனக்குக் கவலை தற்காப்பில்தான். எதிரணி ஆள் ஒருவர் குறுக்கே நின்று தற்காப்பவரை மறிப்பதுதான் ஸ்க்ரீன்; அது வந்ததும் தற்காக்கும் இருவரும் பந்தின் பின்னால் ஓடி, கூடைக்கடியில் எதிரணி ஆளைத் தனியே விட்டால், உங்கள் ஆட்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதே இல்லை என்று அர்த்தம்.

அப்புறம், வெற்றிக் கணக்கையும் ரொம்ப நம்பாதீர்கள். 2022-23-ல் யூகான் (கனெக்டிகட் பல்கலைக்கழக அணி) முதல் 14 ஆட்டங்களையும் வென்றது, அடுத்த எட்டில் ஆறைத் தோற்றது, கடைசியில் தேசியக் கோப்பையே அவர்களுக்குத்தான். ஜனவரியில் லீக் ஆட்டங்கள் சூடு பிடிக்கட்டும், அதுவரை தற்காப்பை மட்டும் உற்றுப் பாருங்கள்.